இல்லத்து மெத்திருக்கை

திருநின்றவூரில் ரயில் ஏறினால் அம்பத்தூர் வருவதற்குள் பத்து நோட்டு திருத்திவிடுவேன். அன்று எட்டாம் வகுப்பின் கட்டுரை நோட்டுகள். தலைப்பு மழைநீர் சேகரிப்பு. மூன்றாவது நோட்டிலேயே சந்தேகம் வந்தது, ஏழாவதில் உறுதியானது, மீதியையும் புரட்டினேன். எல்லா நோட்டிலும் ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. கடையில் விற்கும் கைடில் 'கூரையில் விழும் மழைநீர்' என்பதைக் 'கூறையில் விழும் மழைநீர்' என்று தப்பாக அச்சடித்திருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் கல்யாணப் புடவையை விரித்துப் பிடித்து மழைநீரைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். வகுப்பில் நுழைந்ததும் நோட்டுக் கட்டை மேசையில் போட்டுவிட்டு, இதையெல்லாம் யார் படிப்பதற்காக எழுதினீர்கள் என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து, யாரும் படிக்கிறதுக்கு இல்ல டீச்சர், நீங்க டிக் போடறதுக்கு என்றாள். அவள் திமிராகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அந்த வாரம்தான் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்குவது எப்படி என்று ஓர் இளைஞர் சொல்லிக் கொடுத்தார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் கடவுச்சொல்லை மறந்தார்கள். நான் இரண்டையும் செய்துவிட்டு, மத்தியானம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். டிக் போடுகிறவள் அல்லாத ஒரு ஆள் இந்தப் பிள்ளைகள் எழுதுவதைப் படித்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

எங்கள் பள்ளி மண்ணூர்பேட்டைப் பக்கம், தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டி. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலை, அல்லது கம்பெனி வேலைக்காரர்களை நம்பி நடக்கும் வேலை. தலைமையாசிரியை நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு நிபந்தனை போட்டார். ஒரு பிள்ளையின் பெயரும் வரக்கூடாது, ஒரு படமும் வரக்கூடாது. நியாயமான பேச்சு என்று ஒத்துக்கொண்டேன். பெயருக்குப் பதிலாக என்ன போடுவது என்று வகுப்பில் கேட்டபோது, அவரவர் உட்காரும் இடத்தைப் போடலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அப்படித்தான் எங்கள் வலைப்பூவில் ஃபேனுக்குக் கீழே, ஜன்னலோரம், டீச்சர் கண்ணு படாத இடம் என்ற பெயர்களில் எழுத்தாளர்கள் உண்டானார்கள்.

பெற்றோர் கூட்டத்தில், உங்கள் பிள்ளைகள் இனி வலைப்பூவில் எழுதுவார்கள் என்று பெருமையாக அறிவித்தேன். மறுநாள் நாலு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முழம் கதம்பத்தோடு வந்து நின்றார்கள். டீச்சர் ஏதோ பூ கேட்டார்கள் என்று வீட்டில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நான் விளக்கம் சொல்லிக்கொண்டே நாலு முழத்தையும் வைத்துக்கொண்டேன்.

தட்டச்சு செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. கணினி அறையில் பத்துக் கணினி இருந்தன, ஓடியது ஆறு. நேரமாகிறதே என்று, பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியை என் போனில் போட்டுப் பிள்ளைகளிடம் நீட்டினேன். ஜன்னலோரம் அதைக் கையில் வாங்கி, "எங்க ஊட்டாண்ட ஒரு கோழி கீது" என்றான். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'எங்க ஊட்டி ஆண்ட ஒரு கோழி கீதை' என்று எழுதியது. வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஊட்டியை ஆண்ட கோழி என்பது அந்த வருஷம் முழுவதும் எங்களுக்கு ஒரு பாத்திரமாகவே இருந்தது.

நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும், பார்த்தீர்களா, நல்ல தமிழில் பேசினால் போனுக்குக்கூடப் புரியும் என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். ஊடு இல்லை வீடு, கீது இல்லை இருக்கிறது. தமிழாசிரியைக்கு இந்தச் சான்ஸ் கிடைத்தால் விடுவாளா.

இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில். அப்பா அங்கே ஃபிட்டர். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் வரிசையில் எட்டு வீடு, மதுரை, சேலம், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பேச்சு. ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே பேசும் பேச்சு மட்டும் உள்ளே வரக்கூடாது என்பதில் எட்டு வீடும் ஒற்றுமை. ஏழு வயதில் ஒருநாள், சோறு கீதா என்று கேட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லு என்றாள். சொன்னேன். அன்றைக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அப்புறம் கல்லூரியில் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சையும் கேலி செய்தார்கள். அதையும் விட்டேன். இரண்டையும் உதறிவிட்டு, எந்த ஊர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு தமிழைப் பழகிக்கொண்டேன். அதைத்தான் பேசுகிறேன் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கதவோரம் என்ற பெயரில் எழுத வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். மெலிந்த பெண், வாயைத் திறக்கமாட்டாள். அதற்கும் நான்தான் காரணம். ஜூன் மாதம் பாடம் வாசிக்கச் சொன்னபோது, "இன்னா பக்கம் டீச்சர்" என்று கேட்டாள். வகுப்பு முன்னால் 'என்ன பக்கம்' என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குத் தலையை ஆட்டித்தான் பதில் சொல்லிவந்தாள். ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில். வகுப்பில் எல்லோரும் இரண்டு மூன்று பதிவு எழுதிவிட்டார்கள். அவள் மட்டும் ஒன்றும் தரவில்லை.

பிறகு ஒருநாள் என் மேசையில் நோட்டைத் திறந்து கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றரைப் பக்கம். தலைப்பு, எங்க அம்மா வண்டி. அவளுடைய அம்மா அம்பத்தூர் ஸ்டேஷனுக்கும் மண்ணூர்பேட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார எனக்குப் பிடிக்காது, எவ்வளவு நேரமானாலும் பஸ்ஸுக்குத்தான் நிற்பேன்.

ரயிலில் வைத்துப் படித்தேன். 'எங்க அம்மா வண்டில ஏழு பேரு குந்தலாம். எட்டாவது ஆளு வந்தா எங்க அம்மா வேணாம்னு சொல்லாது' என்று தொடங்கியது. காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து அந்த அம்மா சொல்வது: 'நவுந்து குந்து நைனா, இது இன்னா உங்க ஊட்டு சோபாவா.' முதல்நாள் வேலைக்குப் போகும் ஒரு சின்னப் பெண் வண்டியில் அழுதுகொண்டே வருகிறாள். அந்த அம்மா அவளிடம் சொல்கிறார்: 'அழுதுகினே போனா கம்பெனி கேட்டாண்ட போட்டோ எடுத்துடுவான். அப்பால கார்டுல ரிட்டேர் ஆவுற வரிக்கும் அழுமூஞ்சியா கீறணும். தொடச்சிக்கோ கண்ணு.'

நான் ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு சிரித்துவிட்டு, அதற்கப்புறம் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் முதல் பதிவு, எல்லோரும் பாராட்ட வேண்டும், யாரும் அவளுடைய தமிழைக் குறை சொல்லிவிடக் கூடாது என்ற அக்கறைதான். சொல்லாது என்பதை 'சொல்லமாட்டார்' ஆக்கினேன். அம்மாவுக்கு மரியாதை வேண்டாமா. அழுமூஞ்சியை 'அழுத முகம்' ஆக்கினேன். நவுந்து குந்து நைனா என்ற இடத்தில் கொஞ்சம் உற்சாகமாகவே போய்விட்டேன். 'ஐயா, சற்று நகர்ந்து அமருங்கள். இது என்ன, உங்கள் இல்லத்து மெத்திருக்கையா?' சோபாவுக்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அன்று டீ இரண்டு தடவை குடித்தேன்.

பதிவை நானே தட்டச்சு செய்து வெளியிட்டேன். தலைமையாசிரியைக்கு மிகவும் பிடித்துவிட்டது. அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அடுத்த மாதம் பார்வையிட வரும் அதிகாரிக்கு இதைத்தான் காட்டப் போகிறோம் என்றார். கணினி அறையில் கதவோரத்தைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மெல்லப் படித்தாள். நல்லா இருக்கு டீச்சர் என்றாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து இடைவேளையில் அவளுடைய அம்மா வந்தார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் வண்டிச் சாவி. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். பெண் எழுதியது போனில் வரப்போகிறது என்று ஒரு வாரமாக ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். அவருக்குப் படிக்க வராது. எழுத்தைப் படித்துக் காட்டும் வசதியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, டீக்கடை வாசலில் வண்டியின் மேல் போனை வைத்திருக்கிறார்கள். டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். போனில் ஒரு பெண் குரல், ஐயா, சற்று நகர்ந்து அமருங்கள் என்றதும் முதலில் யாருக்கும் புரியவில்லை. இல்லத்து மெத்திருக்கை வந்ததும் ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்ததாம். மறுநாள் காலையிலிருந்து அவர் வண்டிக்கு மெத்திருக்கை என்று பெயர். ஆள் ஏறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது ஒருவன், சற்று நகர்ந்து அமருங்கள் என்று குரல் கொடுக்கிறானாம்.

நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவனுங்க சிரிச்சிகினு போறானுங்க டீச்சர், நானும் நாலு வார்த்த சொல்லிட்டு போவேன். அது இல்ல. ஊட்டுக்கு வந்து பொண்ணு சொல்லுது, நீ பேசறது தப்பும்மா, டீச்சர் கரீட்டா மாத்திக்கீறாங்கன்னு. பேரு போடக்கூடாதுன்னீங்க, சரின்னேன். போட்டோ கூடாதுன்னீங்க, அதுவும் சரி. அப்பால அதுல நான்னு சொல்லிக்க இன்னா கீது. என் பேச்சு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களே."

சத்தம் போடாமல்தான் சொன்னார். பிறகு, "இனிமே எழுத மாட்டேன்னு சொல்லுது டீச்சர். அதான் வந்தேன்" என்றார்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எழுத்து மொழி வேறு, பேச்சு மொழி வேறு, பரீட்சையில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று பாடம் எடுத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், அவர் பெண் ஆட்டுவாளே, அதே மாதிரி மேலும் கீழும். வண்டி கேட்டாண்ட நிக்குது டீச்சர், வரேன் என்று போய்விட்டார். அடுத்த பீரியட் ஏழாம் வகுப்பில் மேற்கோள் குறி நடத்த வேண்டியிருந்தது. ஒருவர் கூறியதை அவர் கூறியவாறே எழுதும்போது இடுவது மேற்கோள் குறி என்று கரும்பலகையில் எழுதினேன். எழுதியதை நானே ஒரு தடவை வாசித்தேன். பதினெட்டு வருஷமாக நான் நடத்தும் பாடம் அது.

அன்று மாலை கதவோரத்தைக் கூப்பிட்டு, நான் செய்தது தப்பு, பழையபடியே போட்டுவிடலாம், நோட்டைக் கொடு என்றேன். கொடுத்தாள். என் சிவப்பு மைக்கு அடியில் அவள் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அடிப்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறேன். மறுபடி எழுதித் தருகிறாயா என்று கேட்டதற்கு, மறந்துபோச்சு டீச்சர் என்றாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். பரவால்ல டீச்சர் என்றாள். அந்தப் பரவால்லவுக்கு அப்புறம் நம்மால் எதுவும் கேட்க முடியாது.

அடுத்த வாரம் அவளே ஒரு கட்டுரை கொடுத்தாள். நேரந்தவறாமை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. ஒரு பிழை இல்லை, ஒரு வரி அவளுடையது இல்லை. கைடைப் பார்த்து அச்சு அசலாக எழுதியிருந்தாள். மழைநீர் சேகரிப்புக்குக் கோபப்பட்டது போல அதற்கு என்னால் கோபப்பட முடியவில்லை. நான் கேட்ட தமிழையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். இவளை வாய் திறக்க வைத்ததாக நினைத்திருந்தேன், நன்றாகப் பூட்டிச் சாவியையும் நானே வைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் திகைத்துவிட்டு, முன்னால் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். அவர் பேசுவதை எழுதிக்கொள்ள நான் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் பின்னால் திரும்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார் என்றார். பின்னால் இருந்தவர்கள் இவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள். இரண்டாம் நாளும் அதே கதை. டீச்சர் பக்கத்தில் இருக்கிறாள் என்று வாயைக் கட்டிக்கொண்டே ஓட்டினார். ஒரு லாரிக்காரன் குறுக்கே வந்தபோதுகூட, பாத்து போங்க என்றார். எனக்கே கஷ்டமாக இருந்தது.

நாலாம் நாள் ஒருவர் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றோடு ஏறி அதை எல்லோர் கால் மேலும் குறுக்கே போட்டார். அந்த அம்மாவுக்கு நான் மறந்துபோனேன். எஸ்டேட் சிக்னல்வரை அவர் பேசியதில் பாதியை எழுதிக்கொண்டேன். மீதியை எழுத முடியாது, வலைப்பூ குழந்தைகளும் படிப்பது. ஸ்கூல் வாசலில் இறங்கும்போதுதான் என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கேட்டதையும் முன்பு படித்ததில் நினைவிருந்ததையும் சேர்த்து அந்த ஒன்றரைப் பக்கத்தைத் திரும்ப எழுதினேன். ஆவடிக்காரி, சின்ன வயதில் தெருவில் பேசிய பேச்சு, வராமலா போகும் என்று தைரியம். எழுதியதைக் கதவோரத்தின் மேசையில் வைத்து, இதில் தப்பு இருந்தால் திருத்து என்று என் சிவப்புப் பேனாவையும் வைத்தேன். அவள் பேனாவைத் தொடவில்லை. தன் டப்பாவிலிருந்து பென்சிலை எடுத்தாள். முதல் பத்தியிலேயே நாலு இடத்தில் அடித்தாள். நான் 'நகந்து உக்காரு நைனா' என்று எழுதியிருந்த இடத்தில் பென்சில் ரொம்ப நேரம் நின்றது.

"எங்கம்மா உக்காருன்னு சொல்லவே சொல்லாது டீச்சர்" என்றாள். "உக்காருன்னா அது போலீசு சொல்றது. குந்துன்னாதான் நம்மாளு."

எனக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு பட்டம். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. மொத்தம் பதினேழு இடத்தில் திருத்தினாள். எட்டாம் வகுப்புக்கு நான் போடும் கணக்கில் பார்த்தால் நான் ஃபெயில்.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். அதிகாரி வரும் நேரத்தில் குந்து, கீது என்று இருந்தால் தமிழ் டீச்சருக்கே தமிழ் தெரியாது என்பாரே என்று அவருக்குக் கவலை. நியாயமான கவலைதான். மேற்கோள் குறிக்குள் இருப்பது என்னுடைய சொத்து இல்லை, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய், பலகையில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்து, புதியதைத் தன் கையாலேயே ஒட்டினார். அதிகாரி வந்தார், நின்று படித்தார், அழுமூஞ்சி வரியில் சிரித்தார், கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்டாண்டில் போனை மறுபடி வண்டி மேல் வைத்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார். போன் குரலுக்குக் 'கீறணும்' சரியாக வரவில்லையாம், எதையோ கீறுகிற மாதிரி படித்ததாம். ஆனால் இந்தத் தடவை எல்லோரும் சரியான இடத்தில் சிரித்தார்கள் என்றார். மெத்திருக்கை என்ற பெயர் மட்டும் போகவில்லை. வண்டிக்குப் பின்னால் அதையே பெயிண்டில் எழுதிவிட்டார்கள். அதுவும் நல்லாத்தான் கீது டீச்சர் என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அது அவள் பழைய எழுத்துதான். நான் கெடுத்ததைச் சரிசெய்ய உதவினாள், அவ்வளவுதான். புதிதாக ஒரு வரி தரவில்லை. வகுப்பில் இப்போது பேசினாள், பென்சில் கேட்டாள், தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டாள். எழுத மட்டும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் நேரந்தவறாமை மாதிரி இன்னொன்று வருமோ என்று பயம். பொங்கல் லீவு வந்தது, போனது.

ஒரு வெள்ளிக்கிழமை வருகைப் பதிவேட்டுக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்துப் பார்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, ரயில் ஏறி உட்கார்ந்தபின்தான் எடுத்தேன். தலைப்பு, எங்க டீச்சர் கோவம்.

'எங்க டீச்சர் புஸ்தகம் மாரியே பேசுவாங்க. கோவம் வந்தா மட்டும் வேற மாரி பேசுவாங்க. பின்னாடி யாராவது சிரிச்சா, "ஏட்டி, அங்க என்னட்டி சிரிப்பாணி வேண்டிக் கெடக்கு"ன்னு கேப்பாங்க. சிரிப்பாணின்னா இன்னா ஆணின்னு எங்க கிளாஸ்ல யாருக்கும் தெரியாது. ஆனா அத கேட்டா பயமா இருக்காது. ஊட்ல திட்டற மாரி இருக்கும்.'

நான் அப்படிப் பேசுவதே இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. யாரைக் கேட்டாலும் சொல்வேன், எனக்கு எந்த ஊர்ப் பேச்சும் கிடையாது என்று. பிறகு அந்த வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். அது என் அம்மாவின் குரல். குடியிருப்பில் நானும் தங்கையும் சாப்பிடும்போது சிரித்தால், அடுப்படியிலிருந்து வரும் அதட்டல், ஒரு எழுத்து மாறாமல். அம்மா போய் ஆறு வருஷம். அவள் புடவை ஒன்று வைத்திருக்கிறேன், படம் வைத்திருக்கிறேன். அவள் பேச்சை என்றைக்கோ தொலைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அது தினமும் என் வாயில் வந்துகொண்டிருந்திருக்கிறது, கதவோர பெஞ்சில் ஒருத்தி அதைக் கேட்டு வைத்திருந்திருக்கிறாள்.

தாளின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. 'சிரிப்பாணின்னா இன்னான்னு கேக்கணும்னு நெனப்பேன். கேட்டா டீச்சர் அத தப்புன்னு மாத்திக்குவாங்க. அதான் கேக்கல.'

ஆவடியில் கூட்டம் ஏறியது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். எனக்குத் தெரியாத என் சொல் ஒன்றை, என்னிடமிருந்தே அந்தப் பெண் இத்தனை மாதமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை கணினி அறையில் அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கைகளை மடியிலேயே வைத்திருந்தேன். மெல்ல ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். கீழே கதவோரம் என்று போட்டாள். வெளியிடு என்ற பொத்தானுக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எதனா மாத்தணுமா டீச்சர் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அப்படியும் அமுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்ப கேக்கலாமா" என்றாள்.

"சிரிப்புதான் சிரிப்பாணி" என்றேன். "எங்கம்மை சொல்லுவா."

அம்மை என்று எனக்கு அப்படியே வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் மாத்தாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, வெளியிடு என்பதை அமுக்கினாள்.